ஜானி கேஷ் – ஜூன் கார்ட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்ட்ரி இசை என்றால் தொப்பி, பூட்ஸ், குதிரை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம் நான் முதலில் போட்டுக் காட்டுவது ஜானி கேஷும் ஜூன் கார்ட்டரும் சேர்ந்து பாடிய ஏதாவது ஒன்றைத்தான். பாட்டு முடிந்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளும். பிடித்த விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த இரண்டு பேரும்?

ஜானி கேஷ் 1932இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், கிங்ஸ்லாந்து என்ற சிற்றூரில் பிறந்தவர். பருத்தி எடுத்துப் பிழைத்த குடும்பம். ஜூன் கார்ட்டர் 1929இல் வர்ஜீனியாவின் மலைப்பக்கம், மேசஸ் ஸ்பிரிங் என்ற இடத்தில் பிறந்தவர். ஆக, ஜூனுக்கு மூன்று வயது மூப்பு. 1962இன் தொடக்கத்தில் ஜானியின் கச்சேரிக் குழுவில் ஜூன் சேர்ந்தார். 1968 மார்ச் 1 அன்று கல்யாணம். 2003 மே 15 அன்று ஜூன் இறந்தார், அதே வருஷம் செப்டம்பர் 12 அன்று ஜானி. ஒரே மேடையில் நாற்பது வருஷத்துக்குக் கிட்ட. அதில் முதல் ஆறு வருஷம் அவர்கள் தம்பதி இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கன்ட்ரியும் ஃபோக்கும் ஒன்றுதானா?

அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் வீட்டுத் திண்ணையிலும் தேவாலயத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பாட்டு ஃபோக். 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் அதே பாட்டைப் பதிவு செய்து விற்க ஆரம்பித்தன. பாட்டு தொழிலானது. அந்தத் தொழிலுக்குப் பிற்பாடு ஒட்டிக்கொண்ட பெயர்தான் கன்ட்ரி. இந்த மாற்றம் நடந்த இடத்தில் நேரடியாக நின்றது ஜூனின் குடும்பம்.

ஜூனின் பெரியப்பா ஏ.பி. கார்ட்டர். அவர் மனைவி சாரா. ஏ.பி.யின் தம்பி எஸ்ராவைக் கட்டிக்கொண்டவர் சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல். இந்த மேபெல்தான் ஜூனின் அம்மா. 1927 ஆகஸ்ட் மாதம், டென்னசியும் வர்ஜீனியாவும் தொட்டுக்கொள்ளும் பிரிஸ்டல் நகரத்தில், விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் கிராமத்துப் பாடகர்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஏ.பி., சாரா, மேபெல் மூவரும் கார் இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். மேபெல் அப்போது பிள்ளைத்தாய்ச்சி, மூத்தவள் ஹெலன் வயிற்றில். ஆறு பாட்டு பாடினார்கள், பாட்டுக்கு 50 டாலர். கன்ட்ரி இசையின் பிறப்பு என்று பலரும் கை நீட்டுவது அந்தக் கோடைக்காலத்துப் பதிவுகளைத்தான்.

அப்புறம் ஏ.பி. மலைமலையாக அலைந்து பாட்டு சேகரித்தார். அவருக்கு மெட்டு மனதில் நிற்காது. கூடவே போன லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர்தான் மெட்டை மனப்பாடம் செய்துகொண்டு வருவார், ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார். தட்டில் ரிடிலின் பெயர் கிடையாது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. இதைச் சொல்லாமல் கார்ட்டர் குடும்பத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

மேபெல் கிட்டார் வாசித்த விதம் தனிச் சேதி. கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டை எடுத்துக்கொண்டு, அதே சமயம் மற்ற விரலால் மெல்லிய கம்பிகளை வருடித் தாளமும் கொடுப்பார். ஒரு கிட்டாரில் இரண்டு ஆள் வேலை. இன்றும் அதற்குப் பெயர் கார்ட்டர் ஸ்கிராச். ஆட்டோஹார்ப் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது: பெட்டி மாதிரி, நிறையக் கம்பிகள், மேலே பட்டைகள், ஒரு பட்டையை அழுத்தினால் வேண்டாத கம்பிகள் அடங்கிப்போய், வேண்டிய சுரங்கள் மட்டும் ஒலிக்கும். மேசையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்ததை மேபெல் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தார். ஜூன் கையில் நீங்கள் படங்களில் பார்ப்பது அதுதான், அம்மாவிடம் கற்றது.

ஏ.பி.யும் சாராவும் 1930களில் பிரிந்துவிட்டார்கள். ஆனாலும் 1943 வரை சேர்ந்துதான் பாடினார்கள். குடும்பம் உடைந்தாலும் கச்சேரி உடையக் கூடாது என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தவர் ஜூன்.

ஜூன் கார்ட்டர், ஜானி கேஷின் மனைவி என்பதால்தானே பிரபலம்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வயது வாக்கில் ஜூன் வானொலியில் பாட ஆரம்பித்துவிட்டார். மெக்சிகோ எல்லைக்கு அந்தப் பக்கம் எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்ற நிலையம் இருந்தது. அமெரிக்கச் சட்டம் அனுமதித்ததைப் போலப் பல மடங்கு சக்தியில் ஒலிபரப்பும். அதில் பாடினால் அமெரிக்கா முழுக்கக் கேட்கும். ஜானி அப்போது ஏழெட்டு வயதுப் பையன், ஆர்கன்சாவில் வயல் வேலை முடித்து வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கார்ட்டர் குடும்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அதாவது, ஜானிதான் முதலில் ஜூனின் ரசிகர்.

1943க்குப் பிறகு மேபெல் தன் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு தனிக் குழு நடத்தினார். குரலில் அக்கா ஹெலனும் தங்கை அனிட்டாவும் கெட்டி. அனிட்டாவின் குரல் தெளிந்த தண்ணீர். ஜூனுக்கு அது வாய்க்கவில்லை, அது அவருக்கே தெரியும். அதனால் அவர் நகைச்சுவையைப் பிடித்துக்கொண்டார். பட்டிக்காட்டுப் பெண் வேஷம் கட்டி, காலை உதைத்து ஆடி, குரல் தடுக்கிய இடத்தில் சிரிப்பை வைத்தார். 1949இல் ஹோமர் அண்ட் ஜெத்ரோ என்ற நகைச்சுவை ஜோடியுடன் அவர் பாடிய ஒரு பாட்டு கன்ட்ரிப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. 1950இல் குடும்பம் முழுக்க நாஷ்விலின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடைக்குப் போனது. கன்ட்ரிக்காரர்களுக்கு அதற்கு மேல் மேடை கிடையாது. பிறகு இயக்குநர் எலியா கசான் அவரைப் பார்த்து நடிப்பு படிக்கச் சொல்ல, நியூயார்க்கில் சான்ஃபோர்ட் மைஸ்னரிடம் பாடம் கேட்டார். எல்விஸ் பிரெஸ்லியுடன் ஊர் ஊராகச் சுற்றினார்.

ஜானியின் முதல் இசைத்தட்டு வந்தது 1955இல். அதற்குள் ஜூனுக்கு மேடை அனுபவம் பதினைந்து வருஷத்துக்கு மேல். 2025இல்தான் ஜூனைத் தனியாக கன்ட்ரி இசை ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள். ஜானியைச் சேர்த்தது 1980இல். இந்த இடைவெளியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

முதலில் சந்தித்தது எங்கே?

1956இல், ஆப்ரி மேடைக்குப் பின்னால். அதற்கு முன்பே எல்விஸ் போகிற ஊரிலெல்லாம் ஜானியின் தட்டை ஓடவிட்டு ஜூனைக் கேட்க வைத்திருந்தார். இருவருக்கும் அப்போது தனித்தனிக் குடும்பம் இருந்தது. ஜானிக்கு மனைவி விவியன் லிபர்ட்டோ, பிற்பாடு மொத்தம் நான்கு பெண் குழந்தைகள். ஜூனுக்கு முதலில் பாடகர் கார்ல் ஸ்மித், அடுத்து இன்னொரு திருமணம். காதல் கதையாகச் சொல்லும்போது விவியனை வில்லியாக்குவது வழக்கமாகிவிட்டது. நான்கு குழந்தைகளோடு வீட்டில் காத்திருந்த பெண் அவர். எனக்கு அந்தக் கதை சொல்லல் பிடிப்பதில்லை.

ரிங் ஆஃப் ஃபயர் பாட்டை எழுதியது யார்?

பாட்டின் உரிமைப் பதிவேட்டில் இருப்பது ஜூன் கார்ட்டர், மெர்ல் கில்கோர் என்ற இரண்டு பெயர்கள். கல்யாணமான ஒருவர் மீது மனம் போய்விட்டதே என்று தவித்த நாட்களில், பெரியப்பாவிடம் இருந்த பழைய கவிதைப் புத்தகத்தில் கோடிட்டிருந்த ஒரு வரியிலிருந்து பாட்டு பிறந்தது என்பது ஜூன் சொன்னது. விவியன் தன் நினைவு நூலில் இதை மறுக்கிறார். எழுதியது ஜானிதான், ஜூனுக்கு வருமானம் வரட்டும் என்று பெயரைக் கொடுத்தார் என்பது அவர் கட்சி. நான் பதிவேட்டின் பக்கம்தான் சாய்வேன்.

முதலில் இதைப் பாடியவர் அனிட்டா. அழகாகப் பாடியிருக்கிறார், ஆனால் எடுபடவில்லை. 1963 மார்ச்சில் ஜானி அதையே எடுத்து, மெக்சிகோ பாணி ட்ரம்பெட்டுகளைச் சேர்த்தார். கனவில் அப்படிக் கேட்டது என்பார். கன்ட்ரிப் பாட்டில் அப்போது ட்ரம்பெட் அபூர்வம். பின்குரல் கொடுத்தது மேபெலும் அவர் பெண்களும். ஏழு வாரம் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம். அடுத்த முறை கேட்கும்போது ட்ரம்பெட்டை விட்டுவிட்டு, பின்னால் வரும் பெண் குரல்களில் காதை வையுங்கள். ஒரு குடும்பமே அங்கே நிற்கிறது.

ஜாக்சன் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

பில்லி எட் வீலர் எழுதிய பாட்டு, ஜெர்ரி லீபரின் கையும் உண்டு. இவர்கள் பதிவு செய்தது 1967 ஜனவரியில். கதை இதுதான்: சூடு தாங்காமல் அவசரக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி, இப்போது அந்தச் சூடு ஆறிவிட்டது. நான் ஜாக்சனுக்குப் போகிறேன், அங்கே என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள் என்று புருஷன் அளக்கிறான். போ போ, போய் அசிங்கப்பட்டுத் திரும்பி வா என்கிறாள் மனைவி. சண்டைப் பாட்டு, ஆனால் கேட்கிறவர்களுக்கு ஒரு நொடிகூடக் கவலை வராது.

ஏன் வராது என்றால், அங்கேதான் இந்த ஜோடியின் வித்தை. வழக்கமான ஜோடிப் பாட்டில் இரண்டு குரலும் மேலும் கீழுமாக இழைந்து இனிக்கும். இவர்கள் இழைவதில்லை, மல்லுக்கட்டுகிறார்கள். ஜானியின் குரல் கிணற்றடியிலிருந்து வருவது போல ஆழம், அவசரமே படாது. ஜூன் பக்கவாட்டிலிருந்து கரகரவென்று பாய்வார், ஒரு சொல்லை இழுப்பார், இன்னொன்றைக் கடித்துத் துப்புவார். நகைச்சுவை மேடையில் பழகிய நேரக் கணக்கு அது. இன்னும் நல்ல குரல்வளம் உள்ள பாடகி பாடியிருந்தால் இந்தப் பாட்டு கெட்டுப்போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். பின்னால் டக்கு-டக்கு என்று ரயில் போகிற மாதிரி ஓடும் கிட்டார், ஜானியின் குழுவின் கையெழுத்து. தொடக்க காலத்தில் அவர்களிடம் டிரம்ஸ் கிடையாது. கிட்டார்க் கம்பிகளுக்கு நடுவே காகிதத்தைச் செருகி ஜானி அந்த ஓசையை வரவழைத்த நாட்கள் உண்டு.

எந்த ஜாக்சன் என்றும் கேட்பார்கள். டென்னசியில் ஒன்று இருக்கிறது, மிசிசிப்பியில் ஒன்று. வீலர் எந்த ஊரையும் மனதில் வைக்கவில்லை. நாஷ்வில் என்றால் வாயில் வழுக்கும், ஜாக்சன் என்றால் வெட்டு விழும். அந்த ஓசைக்காகத்தான் வைத்தார்.

கன்ட்ரிப் பட்டியலில் இரண்டாம் இடம். கல்யாணமாகிச் சலித்துப்போன ஜோடியாக இவர்கள் ஊர் ஊராகப் பாடி நடித்தது, கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பிருந்து!

மேடையிலேயே கல்யாணம் கேட்டார் என்பது உண்மையா, சினிமாவா?

உண்மை. 1968 பிப்ரவரி 22, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்ற நகரம், லண்டன் கார்டன்ஸ் அரங்கம், சுமார் ஏழாயிரம் பேர். ஜாக்சன் பாட்டை ஓரமாக வைத்துவிட்டு மைக்கிலேயே கேட்டுவிட்டார். முன்பு கேட்டபோதெல்லாம் ஜூன் தட்டிக்கழித்திருந்தார். இந்தத் தடவை கூட்டம் விடவில்லை. பிப்ரவரி 29 அன்று அதே பாட்டுக்காக இருவருக்கும் கிராமி விருது. மறுநாள் கென்டக்கி மாநிலத்து ஃபிராங்க்ளின் நகரில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் யார் தெரியுமா? ரிங் ஆஃப் ஃபயரில் ஜூனோடு பெயர் சேர்ந்த மெர்ல் கில்கோர்.

ஜூன்தான் ஜானியைப் போதையிலிருந்து மீட்டாரா?

மீட்டார் என்பது சினிமாவுக்கான சொல். 1965 அக்டோபரில் டெக்சஸின் எல் பாசோ நகரில் அதிகாரிகள் ஜானியைப் பிடித்தபோது கிட்டார்ப் பெட்டிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போதை மாத்திரைகள். 1967 கடைசியில் ஹெண்டர்சன்வில் வீட்டில் ஜூன், அவர் பெற்றோர், ஒரு மருத்துவர் எல்லோருமாகச் சேர்ந்து காவல் இருந்து தெளிய வைத்தார்கள். சரி, அதோடு முடிந்ததா? இல்லை. 1980களில் மறுபடி ஆரம்பித்து, பெட்டி ஃபோர்டு மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் ஜூனுக்கே மாத்திரைப் பழக்கம் இருந்ததை மகன் ஜான் கார்ட்டர் கேஷ், அம்மாவைப் பற்றி எழுதிய நூலில் மறைக்கவில்லை. கல்யாணம் முறிவின் விளிம்பு வரை போன காலமும் உண்டு. கச்சேரி மட்டும் நிற்கவில்லை.

சிறைச்சாலைக் கச்சேரிகளில் ஜூனும் இருந்தாரா?

இருந்தார். கலிஃபோர்னியாவின் ஃபால்சம் சிறை, 1968 ஜனவரி 13. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. அந்த ஆல்பத்தில் ஜாக்சன் உண்டு. கைதிகள் போடும் கூச்சலைக் கேளுங்கள். அடுத்த வருஷம் சான் குவென்டின் சிறையிலும் கார்ட்டர் குடும்பத்தோடு போய்ப் பாடினார்.

இவர்கள் ஜோடியாக எத்தனை ஆல்பம் போட்டார்கள்?

கேட்டால் ஏமாந்துபோவீர்கள், ஒரு கை விரல் போதும். 1967இல் ஒன்று, 1973இல் ஒன்று, மற்றவை அங்கங்கே சிதறிக் கிடப்பவை. பாப் டிலன் எழுதிய ஒரு பாட்டை 1964இல் பாடி நான்காம் இடம். டிம் ஹார்டின் எழுதிய, தச்சனாக இருந்தால் என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்கும் பாட்டுக்கு 1970இல் இரண்டாம் இடம், பிறகு இரண்டாவது கிராமி. இரண்டுமே ஃபோக் உலகத்துப் பாட்டுகள்தான்.

இவர்களுடைய உண்மையான வேலை தட்டில் இல்லை, சாலையில் இருந்தது. ஜானியின் கச்சேரி ஒரு முழு ஊர்வலம்: அவருடைய குழு, ஸ்டாட்லர் பிரதர்ஸ் என்ற பாடகர் குழு, பாடகர் கார்ல் பெர்கின்ஸ், மாமியார் மேபெல், கொழுந்தியாள்கள். இறுகிய முகத்தோடு கறுப்புச் சட்டையில் நிற்கும் ஜானியின் பக்கத்தில் ஜூன் வந்து நின்றதும் அரங்கம் தளர்ந்து சிரிக்கும். 1969 முதல் 1971 வரை நாஷ்விலின் ரைமன் அரங்கிலிருந்து ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 58 நிகழ்ச்சிகள் இதே கும்பலோடுதான் நடந்தன. முதல் நிகழ்ச்சிக்கே டிலனும் ஜோனி மிட்செலும் வந்தார்கள். அரசியல் காரணத்துக்காகத் தொலைக்காட்சிகள் பல வருஷம் ஒதுக்கிவைத்திருந்த ஃபோக் பாடகர் பீட் சீகரையும் ஜானி அழைத்துப் பாடவைத்தார்.

2005இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டேன், போதாதா?

வாக் தி லைன், ரீஸ் விதர்ஸ்பூன் ஜூனாக நடித்து ஆஸ்கர் வாங்கிய படம். நடிகர்களே பாடியிருக்கிறார்கள், நன்றாகவே. ஆனால் கதை 1968இல், கல்யாணம் கேட்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு 35 வருஷம் இருக்கிறது.

1970களுக்குப் பிறகு என்ன ஆயிற்று?

இறங்குமுகம். 1986இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி ஜானியைக் கைவிட்டது, கிட்டத்தட்ட முப்பது வருஷ உறவு. 1994இல் ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளர் அவரை ஒற்றைக் கிட்டாரோடு உட்காரவைத்துப் பாடச் சொன்ன ஆல்பம் மறுபடி தூக்கிவிட்டது. 1997இல் நரம்புக் கோளாறால் ஊர் சுற்றுவது நின்றது.

ஜூனின் நல்ல காலம் அதற்கப்புறம் வந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1999இல், எழுபது வயது வாக்கில், தனி ஆல்பம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. அதற்குச் சிறந்த பாரம்பரிய ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. அடுத்த ஆல்பத்தை வர்ஜீனியாவில், பிறந்த மண்ணில், பெரியப்பா காலத்துப் பாட்டுகளை எடுத்துப் பாடினார், தயாரித்தவர் மகன். அது வெளியானபோது ஜூன் இல்லை. அதற்கும் இரண்டு கிராமி. குரல் நடுங்குகிறது, ஆனால் அந்தப் பாட்டுகளுக்கு நடுக்கம் பொருந்துகிறது.

பிள்ளைகள் பாடுகிறார்களா?

ஜானியின் மூத்த மகள் ரோசான் கேஷும் ஜூனின் மகள் கார்லீன் கார்ட்டரும் தங்கள் பெயரிலேயே பெரிய பாடகிகள். இரு பக்கத்துப் பெண்கள் ஆறு பேர், 1970இல் பிறந்த மகன் ஒருவன். வீட்டில் மாற்றாந்தாய், மாற்றான் பிள்ளை என்ற சொற்களையே ஜூன் விலக்கி வைத்திருந்தார் என்று இறுதிச் சடங்கில் ரோசான் நினைவுகூர்ந்தார்.

ஜூன் போன பிறகு ஜானி பாடினாரா?

பாடினார். இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜூன் இறந்தது மே மாதம். ஜூலை 5 அன்று, வர்ஜீனியாவின் ஹில்டன்ஸில் உள்ள கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டு அரங்கில் ஜானி கடைசியாக மேடை ஏறினார். ஏ.பி., சாராவின் பிள்ளைகள் நடத்திய இடம். மின்சார வாத்தியம் அங்கே கூடாது. மாப்பிள்ளை என்ற முறையில் ஜானிக்கு மட்டும் விலக்கு உண்டு. பார்வை மங்கி, உட்கார்ந்தபடி, ரிங் ஆஃப் ஃபயர் பாடுவதற்கு முன்னால் ஜூனின் ஆவி இன்று என் மேல் கவிந்திருக்கிறது என்ற பொருளில் சில வார்த்தைகள் சொன்னார். அதன் பிறகு பத்து வாரம்தான் இருந்தார்.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஃபால்சம் சிறையின் ஜாக்சன். அதற்குப் பிறகு 1967 ஆல்பம் முழுக்க. அப்புறம் நேராக 1999க்குத் தாவி, ஜூனின் ஆல்பத்தில் ஜானியும் சேர்ந்து பாடும் ஃபார் சைட் பேங்க்ஸ் ஆஃப் ஜோர்டான். 1970களிலேயே இருவரும் ஒரு முறை பாடிய பாட்டுதான், டெர்ரி ஸ்மித் எழுதியது. நம் இருவரில் யார் முதலில் போகிறோமோ அவர் யோர்தான் நதியின் அக்கரையில் மணலில் படம் வரைந்துகொண்டு காத்திருக்கட்டும், மற்றவர் வருவதைக் கண்டதும் கூவிக்கொண்டு எழுந்து, ஆழமில்லாத தண்ணீரில் கை நீட்டியபடி ஓடிவரட்டும் என்று போகும். ஜாக்சனில் ஒருவரை ஒருவர் போ போ என்று விரட்டிய அதே இரண்டு குரல்கள்தான். மெதுவான பாட்டு, கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது. ஹெட்போனில் கேளுங்கள், ஜூன் மூச்செடுப்பது காதில் விழும்.